மண்ணைக் கழுவ முடியுமா?

செங்கற்பட்டு வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் எனக்கு விடை தெரியாதவை பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டேன். ஆனால், ஒரு கேள்விக்கு விடை தெரிந்தவனைப் போல நடித்துவிட்டேன். அதனை மட்டும் மறக்க இயலவில்லை. அந்த நிகழ்ச்சியைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சூழ்ந்துள்ள ஊர்களில் அவ்வப்போது அவசரகால ஒத்திகை நடைபெறுவதுண்டு. நிலையத்திலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவு வரை உள்ள ஊர்கள் இத்திட்டத்தில் அடங்கும். விபத்து நேர்ந்தால் மக்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பழக்கிக் காட்டுவது அதன் நோக்கம். ஒருமுறை, நான் பணியாற்றிய பள்ளி மக்கள் வந்து கூடும் இடமாக அமைந்தது. கதவுகளை அடைத்து வீட்டினுள் இருக்க வேண்டும், மூடி வைக்காத நீரைப் பருகலாகாது, அறிவிப்பு வந்ததும் பேருந்தில் ஏறிவிட வேண்டும் என்று அலுவலர்கள் பொறுமையாக விளக்கினார்கள். எல்லாம் முறையாக நடந்தேறியது. கூட்டம் கலையும் வேளையில், வயது முதிர்ந்த உழவர் ஒருவர் என்னிடம் வந்தார்.

“வாத்தியாரய்யா, எங்களை பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க, சரி. மாட்டைக்கூட ஓட்டிக்கிட்டு வந்திடலாம். நிலம் எங்க கூட வராதே? நாங்க திரும்பி வந்தா அந்த மண்ணை என்ன செய்யறது? மண்ணைக் கழுவ முடியுங்களா?” என்று கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே, “அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது பெரியவரே, கவலைப்படாமல் போய் வாருங்கள்” என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். என் சொல்லை நம்பி அவர் போகவில்லை. மேலும் கேட்பதில் பயனில்லை என்று கண்டே போனார். அது அவர் முகத்தில் தெரிந்தது. மாணவன் கேட்கும் கேள்விக்கு, ‘அது பாடத்தில் இல்லை, உட்கார்’ என்று சொல்லும் இளம் ஆசிரியர்களை நான் பலமுறை கடிந்துகொண்டதுண்டு. அன்று நானும் அதையே செய்தேன். ஓய்வு பெற்ற பின்னர் நூல்களையும் அறிக்கைகளையும் தேடிப் படித்தேன். அந்தப் பெரியவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கல்பாக்கத்தின் முதல் மின் அணுவுலை 1983ஆம் ஆண்டிலும், இரண்டாவது 1985ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. அன்று முதல், சுற்றுப்புற வயல்களின் மண்ணை வெட்டி அகற்ற வேண்டிய விபத்து எதுவும் அங்கே நிகழவில்லை. 2003 ஜனவரியில், எரிபொருளை மறுபதப்படுத்தும் ஆலையில் ஆறு பணியாளர்கள் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அது ஆலையின் சுவர்களுக்குள் நடந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, குளிர்நீர் இறைக்கும் கூடத்தில் புகுந்தது; அப்போது இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அன்று இக்கடற்கரையில் மாண்டவர்களைக் கொண்டுபோனது கடல், கதிர்வீச்சு அன்று. ஆகவே உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமில்லை. ஏரிக்கரை உடைவதற்கு முன்பே மணல் மூட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது அச்சமாகுமா? அது முன்யோசனை. அவ்வளவே.

இனிப் பொருளுக்கு வருவோம். கதிர்வீச்சு வேறு, கதிரியக்கப் பொருள் படிந்த மாசு வேறு. விளக்கின் ஒளி நம்மேல் படுவதால் நாம் விளக்காகிவிடுவதில்லை. அங்கிருந்து விலகினால் ஒளியும் விலகிவிடும். ஆனால் கரும்பலகையைத் துடைக்கும்போது பறக்கும் சுண்ணக்கட்டித் தூளை எண்ணிப் பாருங்கள். அது சட்டையில் படிகிறது. கையிலிருந்து புத்தகத்துக்கும், புத்தகத்திலிருந்து சோற்றுப் பாத்திரத்துக்கும் போகிறது. அத்தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு சிறு விளக்காக ஒளி வீசிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் கதிரியக்க மாசு. அது மண்ணில் விழுந்தால் மண்ணோடு தங்கும், மழையோடு ஓடும், வேர் வழியாகப் பயிருக்குள் ஏறும், புல் வழியாகப் பாலுக்குள் வரும்.

வேறு நஞ்சுகள் பலவற்றை நெருப்பால் எரிக்கலாம்; காரத்தாலோ அமிலத்தாலோ முறிக்கலாம். கதிரியக்க அணுவை இவற்றுள் எதுவும் அசைப்பதில்லை. அது தன் காலத்தில் தானே அடங்க வேண்டும். இருப்பதில் பாதி அடங்கும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். கோபால்ட்-60க்கு அது 5 ஆண்டுகளுக்குச் சற்று மேல். சீசியம்-137க்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள். முப்பது ஆண்டில் பாதி, அறுபதில் கால், தொண்ணூறில் அரைக்கால். இப்படிப் பத்து முறை பாதியாகி, ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டுகள் ஆகும்.

முந்நூறு ஆண்டு என்றால் எவ்வளவு? கல்பாக்கத்துக்கு அருகிலேயே சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் வந்து வாணிகம் செய்த துறைமுகம் அது. அவர்களுடைய செங்கற் கோட்டையும், எழுத்துகள் செதுக்கிய கல்லறைகளும் இன்றும் உள்ளன. அக்கல்லறைகள் புதியனவாக இருந்த நாளில் ஒருவர் சீசியம் கலந்த மண்ணை அங்கே புதைத்திருந்தால், அது இன்றைக்குத்தான் ஏறக்குறைய அடங்கியிருக்கும். இடையில் ஒல்லாந்தர் போனார்கள். ஆங்கிலேயர் வந்தார்கள், அவர்களும் போனார்கள். அந்த மண்ணுக்குக் காவல் நிற்க வேண்டியவர்கள் எத்தனை முறை மாறியிருப்பார்கள்! எங்கே என்ன புதைக்கப்பட்டது என்று எழுதிய ஏடு எத்தனை முறை தொலைந்திருக்கும்!

இவ்வகை மாசு எங்கேனும் நிகழ்ந்ததுண்டா என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 2010ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று பழைய இரும்பாக ஏலத்தில் போயிற்று. மாயாபுரி என்னும் பழைய இரும்புச் சந்தையில் தொழிலாளர்கள் அதனை உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் உயிரிழந்தார், மேலும் சிலர் கடும் நோயுற்றனர். அணுசக்தித் துறையினர் கருவிகளோடு கடை கடையாகத் தேடி, துண்டுகளை ஈயக் கலத்தில் இட்டுக் கொண்டு போனார்கள். மாசு படிந்த மண்ணையும் சுரண்டி அகற்றினார்கள்.

பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் 1987இல் நடந்தது இதனினும் பெரிது. கைவிடப்பட்ட மருத்துவமனை ஒன்றிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட கருவியில், 93 கிராம் அளவே ஆன சீசியம் உப்பு இருந்தது. இருளில் நீலமாக மின்னிய அப்பொடியை மக்கள் வியந்து பங்கிட்டுக் கொண்டார்கள். நால்வர் மாண்டனர், அவர்களுள் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். சில வீடுகள் இடிக்கப்பட்டன, மண் அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஒரு கைப்பிடிப் பொடியால் சேர்ந்த கழிவு ஏறத்தாழ 3,500 கன மீட்டர்.

2011 மார்ச் 11ஆம் நாள் ஜப்பானின் புகுஷிமாவில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அணுமின் நிலையத்தைத் தாக்கின. சீசியம் காற்றோடு பரவி வயலிலும் காட்டிலும் வீட்டுக் கூரையிலும் படிந்தது. அங்கே பெருமளவில் மேல்மண்ணைச் சுரண்டி அகற்றினார்கள். பொதுவாக வயலில் 5 சென்டிமீட்டர் ஆழம் எடுத்தார்கள். களிமண் சீசியத்தை இறுகப் பற்றிக்கொள்வதால், பெரும்பகுதி மேலடுக்கிலேயே தங்கியிருந்தது. அப்படிச் சேர்ந்து இடைக்காலக் கிடங்குக்குச் சென்ற மண் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர்! கிடங்கின் பரப்பு 16 சதுர கிலோமீட்டர். 2045க்குள் அதனை அம்மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோய் முடிவாக வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் எந்த ஊர் அதனை ஏற்கும்? மக்களின் ஐயத்தைப் போக்குவதற்காக, மாசு குறைந்த மண்ணில் சிறிதளவை 2025 ஜூலையில் பிரதமர் அலுவலக வளாகத்திலேயே கொண்டுவந்து இட்டார்கள் என்றால், அந்த வினா எவ்வளவு கடினமானது என்று உணர்ந்துகொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பெரியவரின் நிலத்துக்கு வருவோம். நான் கணக்கு ஆசிரியன். ஆகவே கணக்கிட்டே சொல்கிறேன். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் 5 சென்டிமீட்டர் ஆழம் சுரண்டினால் சுமார் 200 கன மீட்டர் மண் வரும். கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்று வைத்தால் 300 டன். பத்து டன் ஏற்றும் லாரியில் 30 நடை. ஒரே ஒரு சிற்றேரியின் ஆயக்கட்டு 300 ஏக்கர் என்று கொள்வோம். 9,000 நடை! தவறுதலாகப் பத்து சென்டிமீட்டர் வெட்டிவிட்டால் அது 18,000 ஆகும். கல்பாக்கத்தில் கழிவைப் புதைக்கக் கல் பாவிய அகழிகளும் காங்கிரீட் அகழிகளும் உண்டு. நிலையத்தில் நாள்தோறும் தோன்றும் கழிவுக்கென அமைந்த ஏற்பாடு அது. ஒரு கிராமத்தின் வயல் மண் வேறு கணக்கு. ஆதலால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் திட்டம் வேண்டும்.

திட்டத்தின் முதற்படி, மாசு இல்லாத நாளில் மண் எப்படி இருந்தது என்று அறிவது. நம் கடற்கரை மணலில் ஆங்காங்கே மோனசைட் என்னும் தாதுத் துகள்கள் உள்ளன. அவற்றில் தோரியம் இருப்பதால் மணல் இயற்கையாகவே சிறிது கதிர் வீசும். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இம்மணல் மிகுதி. இந்த இயற்கை அளவு தெரியாவிட்டால், விபத்துக்குப் பின் அளப்பவர் இயற்கையை மாசென்று அஞ்சுவார். அல்லது மாசை இயற்கையென்று விட்டுவிடுவார். அணுமின் நிலையம் இயங்கத் தொடங்குமுன்பே கல்பாக்கத்தில் சூழல் ஆய்வுக்கூடம் ஒன்று அமைத்து மண், நீர், மீன், பால் ஆகியவற்றை அளந்து வந்ததன் காரணம் இதுதான். பழைய கணக்கேடுதான் புதிய கணக்கின் அடிப்படை.

இரண்டாம்படி, வரைபடம். மாசு வட்டமாகப் பரவுவதில்லை. காற்று எப்பக்கம் வீசியது, மழை எங்கே பெய்தது என்பதைப் பொறுத்து நாக்கு நீட்டியது போலப் பரவும். ஒரு வயல் தூய்மையாகவும், வரப்புக்கு அப்பாலுள்ள வயல் மாசுற்றும் இருக்கலாம். அளந்து குறிக்காமல் வெட்டத் தொடங்கினால் நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் கலந்து எல்லாம் கழிவாகிவிடும்.

மூன்றாம்படி, எந்த அளவுக்குத் தூய்மை வேண்டும் என்று முடிவு செய்வது. முற்றிலும் இல்லாமற் செய்ய எவராலும் இயலாது. இயற்கைக்கு மேல் ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட் என்பது பொதுமக்களுக்கு வகுக்கப்பட்ட வரம்பு. அதனை அடைய எத்தனை ஆண்டு, எவ்வளவு பொருள், எத்தனை ஏக்கர் மேல்மண் இழப்பு என்று எடை போட வேண்டும். இங்கே அறிவியல் பாதி வழிதான் கூட வரும். மீதி வழியில் அந்நிலத்தில் வாழ்வோரின் சொல்லும் வேண்டும். அறிஞர் அளவைச் சொல்லலாம்; ‘இதற்கு நான் இசைகிறேன்’ என்று உழவர்தாம் சொல்ல வேண்டும்.

நான்காம்படி, முறையைத் தேர்வது. வெட்டி அகற்றுவது ஒன்றே வழியன்று. மேல்மண்ணைக் கீழும் கீழ்மண்ணை மேலுமாகப் புரட்டி உழலாம். தாவரம் சீசியத்தைச் சாம்பல் சத்து என்று மயங்கியே உறிஞ்சுகிறது. ஆகவே நிலத்துக்குப் பொட்டாஷ் உரத்தை நிறைய இட்டால் நெல்லில் சீசியம் ஏறுவது குறைகிறது. புகுஷிமாவில் இவ்வாறே செய்து பலன் கண்டார்கள். சில ஊர்களில் உணவுப் பயிரை விடுத்து மலர் பயிரிட்டார்கள். செங்கழுநீர்ப் பூவால் பெயர் பெற்றது என்று சொல்லப்படும் நம் செங்கற்பட்டுக்கு அது புதிதன்று.

ஆயினும் அயலார் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. மாமல்லபுரம் முதல் பாலாற்று முகத்துவாரம் வரை கடலோரம் மணற்பாங்கு. மணல் களிமண்ணைப் போல மாசை இறுகப் பற்றாது. கிணற்றில் கயிற்றை எட்டி விட்டால் நீர் தென்படும் இடங்கள் அவை. அங்கே மண்ணைப் புரட்டிப் புதைத்தால் மாசு குடிநீரைத் தேடிப் போகும். உள்நாட்டில் ஏரிப்பாசன வயல்களில் களிமண். அங்கே வேறு முறை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு திட்டங்கள் வேண்டும்.

பருவத்தையும் மறக்கலாகாது. 2015 செப்டம்பரில் ஜப்பானில் பெய்த பெருமழையில், மாசு மண்ணும் புல்லும் கட்டி வைத்திருந்த நூற்றுக்கணக்கான பைகள் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டன. அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் நம் ஏரிகள் நிரம்பி வழிந்ததை நீங்கள் அறிவீர்கள். ஐப்பசிக்கு முன் மண்ணை மேட்டில் சேர்த்து மூட முடியாதென்றால், அவ்வாண்டு வெட்டாமல் மூடி வைப்பதே அறிவுடைமை. இங்கே ஒரு வயலின் வடிகால் அடுத்த ஏரியின் வரத்துக்கால் அன்றோ?

கடைசியாக ஒன்று. பெரும்பாலும் நூல்களின் கடைப்பக்கத்தில் வருவது. நான் முதற்பக்கத்தில் எழுதுவேன். அந்த மண்ணை யார் வெட்டுவார்? எங்கும் அது நாட்கூலித் தொழிலாளர் கையிலேயே விழுகிறது. அவர் மார்பில் கதிரளவி இருக்குமா? வேலை முடிந்ததும் குளிக்க நீரும் மாற்றுடையும் உண்டா? அவர் வாங்கிய கதிரளவை எழுதி அவரிடமே கொடுப்பார்களா? நிலத்தைத் தூய்மை செய்யப் போய் ஒரு மனிதரை மாசாக்கினால், அது தூய்மையாகுமா?

மாணவ நண்பர்களே, பெரியவரின் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். மண்ணைக் கழுவ முடியாது ஐயா. மாசை ஓரிடத்திலிருந்து எடுத்து, காவல் உள்ள மற்றோரிடத்தில் வைக்கலாம். பயிருக்குள் ஏறாமல் தடுக்கலாம். காலம் அதனைத் தணிக்கும் வரை காத்திருக்கலாம். சில நிலங்கள் ஒரு பருவத்தில் உங்கள் கைக்குத் திரும்பும். சில உங்கள் பேரன் காலத்தில் திரும்பும். எது எப்படி என்று அளந்து, மறைக்காமல் உங்களிடம் சொல்வது எங்கள் கடமை. இதனை நான் நேரில் சென்று சொல்ல எண்ணி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வூருக்குப் போனேன். அவர் காலமாகியிருந்தார். அவருடைய மருமகள் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். “மாமா அப்பவே சொல்லுவாருங்க, வாத்தியாருக்குத் தெரியும், சொல்ல மனசு வரலைன்னு” என்றார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை அன்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. மஞ்சள் நிறப் பின்னணியில் மூன்று இதழ்கள் கொண்ட விசிறி போன்ற குறியைப் பழைய இரும்பிலோ கருவியிலோ கண்டால் தொடாதீர்கள். பிறரையும் தொட விடாதீர்கள். உடனே பெரியவர்களுக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள். மாயாபுரியில் இந்த அறிவு ஒருவருக்கு இருந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். இரண்டாவது, உங்கள் ஊரில் அவசரகால ஒத்திகை நடந்தால் முடியும் வரை நில்லுங்கள், முடிந்தபின், “நாங்கள் திரும்பி வரும்போது மண் என்னவாகும்?” என்று பணிவோடு கேளுங்கள். விடை கிடைக்கும் வரை கேளுங்கள். உங்களுள் சிலர் நாளை அந்த ஆய்வுக்கூடத்தில் மண்ணை அளப்பீர்கள். சிலர் ஆட்சியராக அமர்ந்து திட்டத்தில் கையெழுத்திடுவீர்கள். அப்போது ஒரு முதியவர் உங்கள் முன் வந்து நின்றால், சிரித்து அனுப்பிவிடாதீர்கள்.